ரப்பர் உதடு

"உங்க மெஷினை யாருமே மனுஷன்னு நம்பல சார்" என்று அலுத்துக்கொண்டார் அலுவலக மேலாளர். "வாயைத் திறந்தா ஒரே மரியாதை. எங்க கவுண்டர்ல யாரு அப்படிப் பேசுறாங்க? நாளைக்குள்ள சரிபண்ணுங்க. இல்லேன்னா தூக்கிட்டுப் போயிடுங்க."

ரப்பர் உதடு, சிலிக்கான் நாக்கு, நுரையீரலுக்குத் துருத்தி என்று பார்த்துப் பார்த்து அந்தப் பேசும் மெஷினைச் செய்தவர் எஞ்சினியர். அன்று மாலையே அதன் தொண்டையைக் கழற்றி, எரிச்சலையும் கொட்டாவியையும் ஏற்றினார்.

மறுநாள் ஒன்றும் தெரியாதவர்போல் மெஷினை வைத்திருந்த அதே ஜன்னல் வரிசையில் நின்றார். அழுக்குக் கண்ணாடி. கீழே கை நுழையும் ஓட்டை. அது வழியே பொதுமக்களுக்குத் தெரிவது வாய் மட்டும்தான்.

"வணக்கம் ஐயா. ரொம்ப நேரம் நிக்க வெச்சுட்டேனா? மன்னிச்சுக்கோங்க. இதோ, இப்பவே முடிச்சுத் தரேன்."

செய்த வேலையெல்லாம் விழலுக்கு இறைத்த நீரா! எஞ்சினியருக்குக் கோபம் தலைக்கேறியது. ஓட்டைக்குள் கையை விட்டு, கீழுதட்டைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார்.

"ஐயோ, அம்மா!"

விரலெல்லாம் எச்சில். ரப்பருக்கு ஏது எச்சில்?

பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. "என்னய்யா அங்க சத்தம்? சாப்பாட்டு நேரத்துல உயிரை வாங்கிக்கிட்டு! போய் நாளைக்கு வா!"

மேலாளர் பதறி ஓடிவந்தார்.

"விடுங்க சார், விடுங்க! உங்க மெஷினைப் பக்கத்து ஜன்னலுக்கு மாத்திட்டேன். ஜோராப் பேசுது. இவரு இன்னிக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தாரு. அதைப் பாத்துத் தொழில் கத்துக்கட்டும்னு பக்கத்துல உக்கார வெச்சிருக்கேன்."