குடைப் பெட்டியின் மேல்

திண்டிவனத்தை அடுத்த பள்ளிக்கூடம் ஒன்றில் ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தல் நடக்கிறது. சாக்குத் திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி. குடை, தராசு, சைக்கிள் என்று சின்னம் ஒட்டியிருக்கிறது. வேண்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஓட்டுப் போட வந்த பவுனு என்ற பெண் வெளியேறியதும் தேர்தல் அதிகாரி ஆதிநாராயணன் திரையை விலக்கிப் பார்க்கிறார். குடைப் பெட்டியின் மேல் ஒரு வெற்றிலை, அதன்மேல் நாலாக மடித்த அவளுடைய சீட்டு, பறக்காமலிருக்க ஒரு கொட்டைப்பாக்கு. கூரை ஓட்டின் இடுக்கு வழியே வரும் வெயில் சரியாக அந்தப் பாக்கின் மேல் விழுகிறது. பக்கத்திலேயே பெட்டியின் துவாரம் திறந்து கிடக்கிறது. “குடைக்குன்னு நல்லா தெரியுதே சார், உள்ள தள்ளி வுட்டுடலாமா?” என்கிறார் குமாஸ்தா அரங்கநாதன். “நாம தள்ளுனா அது நம்ம ஓட்டுய்யா.” “அப்ப அந்தம்மாவ கூப்புடட்டுங்களா?” “வெளிய போனவங்கள திரும்ப உள்ள வுட ரூல் இல்ல.” ஆதிநாராயணன் சீட்டின் மேல் ‘செல்லாது’ என்று எழுதி உறைக்குள் வைக்கிறார். வெற்றிலை பாக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடது கையிலேயே பிடித்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே பவுனு மை வைத்த விரலைத் தன் நாத்தனாரிடம் காட்டிக்கொண்டிருக்கிறாள். “எல்லாரும் அந்த சந்துல திணிச்சிட்டு வர்றாங்க. நான் மரியாதையா வெத்தல பாக்கோட வெச்சிட்டு வந்தேன்.”