தொண்டைக் கட்டு

“எனக்குச் சுத்தமா குரல் எழும்பலை. இன்னிக்கு என்னோட போன் கால் எல்லாத்தையும் நீயே பேசிடு” என்று கவிதா கிசுகிசுத்தபோதே அக்ஷராவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

கழுத்தில் மஃப்ளர் வேறு. துர்கா பூஜை முடிந்து லேசாகக் காற்று அடித்தாலே கொல்கத்தாவில் மஃப்ளரும் குரங்குக் குல்லாயும் வெளியே வந்துவிடும் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டீம் லீடர், “ஆஹா, டாண்டா லெகே கேச்சே” என்று, ஜலதோஷம் பிடித்துவிட்டதே என வங்காளத்தில் உச்சுக் கொட்டிவிட்டு, கவிதாவின் பட்டியலையும் அக்ஷராவின் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

பேச வேண்டியது சாதாரண விஷயமாக இருந்தாலாவது பரவாயில்லை. தமிழ்நாட்டு விவசாயிகளோடு போட்ட மூன்று வருஷப் பயிர்க் காப்பீட்டு ஒப்பந்தங்களை, ஒரு வருஷம் முடிந்த கையோடு கம்பெனி ரத்து செய்துவிட்டது. அதை ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் தமிழில் சொல்வது, பவானிபூர் ஆபீசில் இருக்கும் இந்த இரண்டு பெண்களின் தலையெழுத்து.

அக்ஷரா டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ், சாம்பாருக்கு உப்பு போதுமா என்று அம்மாவிடம் கேட்கிற தமிழ். போன வருஷம்தான் ஊரிலிருந்து வந்த கவிதாவுக்கோ வயல் காட்டுப் பேச்செல்லாம் தண்ணி பட்ட பாடு.

“பேச வேண்டாம், கூட இருந்து கேளு. எனக்கு வார்த்தை புரியலைன்னா எழுதிக் காட்டு” என்றாள் அக்ஷரா. கவிதா மாட்டேன் என்று தலையாட்டியும் விடவில்லை. புதிதாகச் சேருபவர்களைப் பழக்குவதற்கென்று வைத்திருந்த இரட்டை ஹெட்செட்டில் ஒன்றைத் தானே அவள் காதில் மாட்டிவிட்டாள்.

காலையிலிருந்து வசவுதான். ஒருவர் “நாசமாப் போவீங்க” என்றார். ஓர் அம்மாள் அழுதேவிட்டாள். எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? அக்ஷராவுக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நடுவில் டீக்காரர் வந்தார். “தாதா, ஏக்டா சா” என்று ஒரு டீ கேட்டாள் கவிதா. குரல் கணீரென்று இருந்தது.

அக்ஷரா வெடுக்கென்று திரும்பினாள். “டீ கேக்க மட்டும் தொண்டை திறக்கறதா?”

கவிதா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டாள். திட்டு வாங்க நான் ஒருத்தி, நோகாமல் நுங்கு தின்ன இவள் ஒருத்தியா என்று அக்ஷராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை, அடுத்த அழைப்பு போய்விட்டது.

திரையில் பெயரைப் பார்த்ததும் கவிதா ஹெட்செட்டைக் கழற்றப் போனாள். அக்ஷரா அவள் கையை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சந்தானம் சாரா?”

“ஆமா, சொல்லுங்கம்மா.”

“தவிர்க்க முடியாத காரணங்களால உங்க பயிர்க் காப்பீட்டு ஒப்பந்தம் இந்த சீசன்லேர்ந்து ரத்து ஆகறது, சார்.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்தியது.

“மூணு வருஷம்னுதானேம்மா எழுதி வாங்குனீங்க? நல்ல கம்பெனின்னு சொன்னதைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தைரியத்துலதான் பக்கத்து வயலையும் குத்தகைக்குப் புடிச்சேன். தாளடி நட்டாச்சு. இங்க வானம் வேற மூடிக்கிட்டு நிக்குது.”

அக்ஷரா மைக்கைப் பொத்திக்கொண்டு, “தாளடின்னா?” என்றாள். கவிதா ஒரு தாளில் எழுதித் தள்ளினாள். ‘குறுவை அறுத்த வயல்ல நடற ரெண்டாவது நெல்லு. இப்ப தண்ணி நின்னா அழுகிடும்.’ எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

“மன்னிச்சுக்கோங்க சார். எங்க கையில ஒண்ணும் இல்ல.”

“தண்ணி ஏறிடுச்சுன்னா நான் எந்திரிக்கவே முடியாதும்மா. மேல யார்கிட்டயாவது சொல்லிப் பாக்கக் கூடாதா?”

“முடியாது சார்.”

அதைச் சொல்லும்போது அக்ஷராவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. கம்பெனி எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூட அவளுக்கு அதிகாரமில்லை. அவளால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

“வேணும்னா ஒரு கம்ப்ளெயிண்ட் பதிஞ்சுக்கட்டுமா சார்? இங்க இருக்கற எல்லாருக்கும் போகும்.”

“ஐயையோ, வேண்டாம்மா!” அவர் பதறிப்போனார். “கம்ப்ளெயிண்டெல்லாம் வேண்டவே வேண்டாம்.”

இத்தனை பேர் திட்டித் தீர்த்த நாளில் இப்படி ஒருவரா என்று அக்ஷராவுக்கு ஆச்சரியமாக இருந்தது. “ஏன் சார்? நஷ்டம் உங்களுக்குத்தானே?”

“அது என்னோட போகட்டும். நீங்க எனக்கு ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க.”

“சொல்லுங்க சார்.”

“எம்பொண்ணு கவிதா உங்க ஆபீஸ்லதான் இருக்கா. அவளுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்மா.”