எட்டாம் மாதத்துக் கோட்டு

மலைமேல் நகரமான எல் ஆல்டோவின் சந்தையில், அங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில், குளிர் வெயிலையும் மீறி எலும்பைத் துளைக்கிறது. மினிபஸ் ஓட்டும் சாத்துர்னினா எட்டு மாத வயிற்றோடு பழைய துணிக் குவியலருகே நின்று ஏழாவது கோட்டைப் போட்டுப் பார்க்கிறாள். இதற்கும் பொத்தான் எட்டவில்லை. நாளை விடியற்காலை அவள் வண்டி எடுத்தாக வேண்டும். கடைக்காரி இலாரியா கோட்டின் பக்கத் தையல்களைப் பிரிக்கிறாள். தான் உட்கார்ந்திருந்த அல்பாக்கா ரோமக் கம்பளியில் இரண்டு முக்கோணங்கள் வெட்டி, கோட்டைக் கழற்றவிடாமலே பிரித்த இடங்களில் வைத்துத் தைக்கிறாள். "உங்க கம்பளியாச்சேக்கா." "எனக்குத்தான் சொந்தக் கொழுப்பு இருக்கே. அசையாம நில்லு." "நான் எங்க அசையறேன்? உள்ள இருக்கறதுதான் உதைக்குது." இலாரியா ஊசியை நிறுத்தி, உதை அடங்கும்வரை காத்திருக்கிறாள். கடைசிப் பொத்தானும் மாட்டுகிறது. விலாவின் இரு பக்கமும் கம்பளி வெதுவெதுப்பாக இருக்கிறது. அது இலாரியாவின் உடல்சூடு.