குடிக்கத் தகாத நீர்

மாசானத்தின் மாட்டுக்கொட்டகை பற்றி எரிந்தது. பக்கத்திலேயே அவனுடைய கிணறு. அதன்மேல் பஞ்சாயத்து போட்ட கம்பிவலை மூடி. தண்ணீரைத் தானே சோதித்து, தேறினால்தான் திறக்கும்.

"நைட்ரேட் அதிகம். இந்நீர் குடிக்கத் தகுதியற்றது" என்றது மூடி.

"குடிக்க இல்ல, தீய அணைக்கணும்! தொறந்து தொல!"

"பயன்பாட்டை மாற்ற, பஞ்சாயத்தில் விண்ணப்பிக்கவும்."

அவன் மனைவி சுடலி மாட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு வந்தாள். "அதுகிட்ட என்னத்தப் பேசிட்டு நிக்கிய? கடப்பாறையப் போட்டு உடைங்க!"

"அதும் கொட்டகைக்குள்ளதாம்ட்டி கெடக்கு!"

கூரை சரிந்தது. சாம்பல் பறந்துவந்து வலை வழியே கிணற்றுக்குள் உதிர்ந்தது. மூடி மறுபடியும் நீரைச் சோதித்தது.

"புதிய மாசு கண்டறியப்பட்டது. உரிமையாளர் கிணற்றருகே எதையும் எரிக்கக் கூடாது."