பென் டிரைவோடு வருகிறவர்

“ஹாத்திம், மாடி மனுஷனுக்கு ஒரு வழி பண்ணு தம்பி. ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கணும்னாலும் பென் டிரைவைத் தூக்கிட்டு என் ரூமுக்கு வந்துடறாரு. வந்தா சும்மா போறாரா? டீயைக் குடிச்சிட்டு ஊர்க்கதையெல்லாம் பேசிட்டுத்தான் நகர்றாரு!”

டூனிஸில் அந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு இருந்த ஒரே பிரிண்டர் நஸீஹாவின் விண்டோஸ் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தது. மாடியில் முன்ஸிஃப் வைத்திருப்பது லினக்ஸ்; இரண்டும் லேசில் ஒத்துப்போகாது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஹாத்திம் அரை நாள் மல்லுக்கட்டி இரண்டையும் பேச வைத்தான்; இனி மாடியிலிருந்தே பிரிண்ட் கொடுக்கலாம்.

“அப்பாடா, தொல்லை விட்டுச்சு!” என்றாள் நஸீஹா.

மறுவாரம் முன்ஸிஃப் போன் செய்தார். “தம்பி, பிரிண்ட் போக மாட்டேங்குது. அந்தம்மாவை மறுபடி தொந்தரவு பண்ணக் கூச்சமா இருக்கு.”

ஹாத்திம் வந்து பார்த்தான். மாடியில் கோளாறே இல்லை. நஸீஹாவின் கம்ப்யூட்டரில்தான் பிரிண்டரைப் பகிரும் வசதியை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

“அம்மா, இதோட பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?”

“என்னைத் தவிர யாருக்குத் தெரியும்? இந்த ரூமுக்குத்தான் இப்பல்லாம் யாருமே வர்றதில்லையே...” என்றவள், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேஜையில் இரண்டு கிளாஸ் இருந்தன. ஒன்று காலி. இன்னொன்றில் பைன் விதை மிதக்கும் புதினா டீ, யாரும் தொடாமல் ஆறிப்போயிருந்தது.

ஹாத்திமும் எதையும் தொடாமல் மாடியேறினான்.

“ஐயா, இதைச் சரிபண்ண என்னால முடியாது. பென் டிரைவை எடுத்துட்டு நீங்களே கீழே போங்க. சீக்கிரம் போங்க, உங்க டீ ஆறிடுச்சு.”