கிலோவுக்கு நாற்பது

"எண்பதுக்கா? உறைய வெச்ச மாட்டிறைச்சிய இன்னிக்கு யாரும் கிலோ நூறுக்குக் குறைச்சுக் கப்பல் ஏத்தல. நீங்க மட்டும் எப்படி சார் எண்பதுக்கு ஏத்தறீங்க?"

அதிகாரி கேட்ட கேள்விக்கு, எதிரே இருந்த ஏற்றுமதியாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

துறைமுகத்தில் ஏறுகிற, இறங்குகிற இறைச்சியின் விலையை மாதாமாதம் வரைபடத்தில் கோடாக வரைவது அந்தச் சுங்க அதிகாரியின் வேலை. பதினெட்டு வருடப் பழக்கம். கோடு சரிந்தால், "எங்கேயோ மழை இல்ல, தீவனம் இல்லாம மாட்டை வித்துத் தள்ளறாங்க" என்பாள். ஏறினால், "கன்டெய்னர் தட்டுப்பாடு" என்பாள். அவளுக்குப் பிடிபடாத கோடு இது ஒன்றுதான்.

"சரக்கு கொஞ்சம் பழசு மேடம்."

"அறுத்த அன்னிக்கே உறைய வெச்சதுன்னு உங்க சான்றிதழ் சொல்லுது."

"கொழுப்பு ஜாஸ்தி."

"எலும்பு நீக்கின பின்னந்தொடை சார். அதுல ஏது கொழுப்பு? கொழுப்பு வேற எங்கயோ இருக்கு."

அவர் தன்னை மீறிச் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"உங்க மத்த சரக்கெல்லாம் நூறு, நூத்தியொண்ணுன்னு ஒழுங்கா போகுது. மாசம் ஒரே ஒரு கன்டெய்னர் மட்டும், அதே தரகர் வழியா, அதே ஆளுக்கு, எண்பதுக்குப் போகுது. ஆறு வருஷமா! உங்க உரிமமே போயிடும்."

அவர் கைக்குட்டையை மடித்து மேசையில் வைத்தார்.

"வாங்கறவன் என் தம்பி மேடம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்பா வெச்சுட்டுப் போன குளிர்கிடங்கை வித்துடலாம்னு அவன் சொன்னான். கூடாதுன்னு நான் சொன்னேன். பேச்சு முத்திப்போச்சு. நீ எனக்குத் தம்பியே இல்லைன்னுட்டேன். மறுநாளே ஊரை விட்டுப் போயிட்டான். அங்க இறைச்சிக்கடை வெச்சு ரொம்பக் கஷ்டப்படறான்னு அப்புறம் தெரிஞ்சுது. நேரா உதவின்னு நீட்டினா வாங்குவானா? ரோஷக்காரன். அதான் தரகர் மூலமா விலையைக் குறைச்சு விடறேன். அண்ணன்கிட்டேர்ந்து சரக்கு வருதுன்னு அவனுக்குத் தெரியும். அண்ணன் விலை குறைக்கிறது தெரியாது."

அவளுக்கும் ஒரு தம்பி உண்டு. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். ஆனாலும் கோப்பின் அடுத்த தாளைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை.

"இது இறக்குமதிக் கணக்கு. அந்த நாட்டு சுங்கத்துலேர்ந்து வந்தது. நீங்க எண்பதுக்கு ஏத்தின அதே கன்டெய்னர் அங்க எவ்வளவுக்கு இறங்கியிருக்கு தெரியுமா? கப்பல் கூலி போக நூத்திருபது."

"இருக்கவே இருக்காது!"

"இங்க குறைச்சுக் காட்டி, வித்தியாசத்தை வெளிநாட்டுல பதுக்கறதுன்னுதான் எங்க மேலிடம் நினைக்குது."

அவர் எழுந்தே விட்டார். "சத்தியமா ஒத்தைக் காசு நான் தொடல மேடம்!"

"உக்காருங்க. உங்க தம்பியையும் அங்க கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க. அவர் எழுதிக் குடுத்தது காலைலதான் வந்தது. படிக்கிறேன், கேளுங்க."

அவள் படித்தாள்.

'சந்தை விலை நூறு என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் தொழிலில் நொடித்துப் போய்விட்டார். நேரே பணம் அனுப்பினால் என் முகத்திலேயே விட்டெறிவார். அதனால் தரகரிடம் சொல்லி, இருபது கூட்டி விலையாகவே கொடுத்து வருகிறேன். தயவுசெய்து இது அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.'

அவர் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார்.

"நானா நொடிச்சுப் போனேன்? போன வருஷம்தானே மேடம் ரெண்டாவது கிடங்கு கட்டினேன்! பாவம், அவன் இருக்கற கஷ்டத்துல..."

"என்ன கஷ்டம்? அவருக்கு அங்க நாலு கடை இருக்கு. நாலும் சக்கைப்போடு போடுதுன்னு இதுலயே எழுதியிருக்கு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி கஷ்டப்படறார்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"தரகர்."

"நீங்க நொடிச்சுட்டீங்கன்னு அவருக்கும் தரகர்தான் சொல்லியிருக்கணும். அண்ணன் தம்பி பாசத்துல நல்லாக் குளிர்காய்ஞ்சிருக்கு அந்தத் திருட்டு ஆளு! ஆறு வருஷம், கிலோவுக்கு நாற்பது!"

"திருட்டுன்னு சொல்லாதீங்க மேடம்..." என்று இழுத்தார் அவர்.

"நம்பரைக் குடுங்க."

தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் படபடவென்று எண்களைத் தட்டி, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டாள். எடுத்தது ஒரு பெண் குரல். அதிகாரி தான் யார் என்று சொல்லி, வழக்கு, அபராதம், சிறை என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். அந்தக் குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"பணம் பூரா பேங்க்ல பத்திரமா இருக்கும்மா. எல்லாத் தாளும் அனுப்பி வைக்கிறேன். ஆனா அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும், அப்படித்தான் போட்டு வெச்சிருக்கேன். வீம்பு பிடிச்சவங்களை வேற எப்படிம்மா ஒண்ணு சேர்க்கறது? சின்னவன் விமானம் ஏறிட்டான். பக்கத்துல பெரியவன் இருந்தா அவனையும் கிளம்பி வரச் சொல்லுங்க, நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேருக்கும் சேர்த்தே அக்கா சோறு வெக்கறேன்னு."