நாற்பத்தோராவது மரம்

தெரணியகலைப் பாதையோரம், பிரதேச சபையின் மஹோகனித் தோப்பில், வெட்டவேண்டிய மரங்களுக்கு வெள்ளைப் பெயின்ட்டால் இலக்கமிட்டு வருகிறாள் சபை உத்தியோகத்தர் ஷஸ்னா. இலைகளுக்கிடையே புகுந்த காலை வெயிலில் ஈரப் பட்டைகள் மினுங்குகின்றன. நாற்பது முடிந்துவிட்டது. அடுத்த மரத்தின் நிழல்தான் தோட்டத்துச் சனங்களுக்கு பஸ் தரிப்பிடம். பாதையைப் பார்த்த பக்கத்தில்தான் இலக்கம் போடவேண்டும். அங்கே ரப்பர் மரங்களில் பால்வெட்டும் சீதாதேவி முதுகைச் சாய்த்து நிற்கிறாள். "கொஞ்சம் தள்ளுங்க அக்கா, நம்பர் போடணும்." "பஸ் வரட்டும் மிஸ், ஏறிப் போயிர்றேன்." பஸ் வந்து நிற்கிறது. கண்டக்டர் கூப்பிடுகிறார். சீதாதேவி குடையை மட்டும் கை மாற்றிக்கொள்கிறாள். பஸ் போய்விடுகிறது. ஷஸ்னா சிரிப்பை அடக்கியபடி அதற்கடுத்த மரத்துக்கு நடந்து, நிதானமாக நாற்பத்தொன்று என்று எழுதுகிறாள்.